மூலம் கேட்ட அண்ணாச்சி

திருச்சுழியில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் பேசப் போகிறவன் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. அவர் "மூலம் இருக்கா?" என்று கேட்டால் அது வைத்தியர் கேட்கிற கேள்வி இல்லை.

நிலம் விற்க வருகிறவனிடம் மூலப்பத்திரம் கேட்பது அவர் தொழில். உனக்கு யார் கொடுத்தது, அவனுக்கு யார் கொடுத்தது, அவனுக்கு முந்தி யார் கையில் இருந்தது என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போய், முதல் ஆளைப் பிடித்த பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவார். அதோடு நின்றிருந்தால் என் பிழைப்புக்கு ஆபத்து வந்திருக்காது. அவர் மனிதர் வாயிலிருந்து வருகிற வாக்கியத்துக்கும் மூலம் கேட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்துக்கு மழைதான் வராதே தவிர, அறிஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மேடையேறுகிற எவனும் கிரேக்கத்தை ஒரு தடவை தொடாமல் கீழே இறங்க மாட்டான். சலூன் கண்ணாடிக்கு மேலே ஒரு சீன ஞானி. சைக்கிள் கடைப் பலகையில் ஒரு ஜெர்மன் தத்துவ மேதை. டீக்கடையில் 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று எழுதி, அதற்குக் கீழேகூட ஒரு ரோமாபுரி அறிஞர் பெயரைப் போட்டிருந்தான் ஒருத்தன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் விட்டுப்போகலாம். கிரேக்கன் பெயர் விட்டுப்போகாது.

இத்தனைக்கும் நடுவே, கஞ்சி போட்ட வேட்டியும் தங்க பிரேம் கண்ணாடியும் ஜவ்வாது வாசமுமாக அண்ணாச்சி நடந்து வருவார். அடக்கமான ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மதுரையில் பி.ஏ. படித்தவர், அதைச் சொல்லாமல் ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது. உப்பு வாங்கப் போனாலும் எப்படியாவது சொல்லிவிடுவார். சலூன்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்தபடியே கேட்பார்:

"ஏப்பா, மேல எழுதியிருக்கியே, அந்தச் சீனாக்காரரு இதை எப்பச் சொன்னாரு?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. நமக்கு எழுதிக் குடுத்தது அருப்புக்கோட்டை போர்டு ஆர்ட்டிஸ்டு."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"அண்ணாச்சி, கத்தி கழுத்துல இருக்கு. பேசாம இருங்க."

பேசாமல் இருப்பார். அடுத்த வாரம் போர்டு ஆர்ட்டிஸ்ட் கடை வாசலில் நிற்பார்.

அருப்புக்கோட்டையில் ஒரு கூட்டம். நான் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேச்சாளர் "ரோமாபுரி அறிஞர் சொன்னதைப்போல…" என்று இழுத்து ஒன்றைச் சொன்னார். கைதட்டல் அடங்கும்போது அண்ணாச்சியிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு மேடைக்குப் போனது. பேச்சாளர் பிரித்துப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னமோ கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்து, "சபையிலிருந்து ஒரு நண்பர் என் உடல்நலத்தை அக்கறையோடு விசாரித்திருக்கிறார். நண்பருக்குச் சொல்லிக்கொள்கிறேன், இப்போது தேவலை. கருணைக் கிழங்கு சாப்பிடுகிறேன்" என்றார்.

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஐயா, மூலம் உண்டா?'

கூட்டம் முடிந்து எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "வியாதியச் சொன்னாரே தவிர வெவரத்தச் சொல்லலையே" என்று வருத்தப்பட்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான். மதினி எப்போதாவது "எல்லாரும் சொல்றாக…" என்று ஆரம்பித்தால் போதும். "எல்லாரும்னா யாரு? கதவு நம்பரச் சொல்லு." ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே மதினி காப்பியை ணங்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களக் கட்டிக்கிடச் சொல்லி எங்கப்பாகிட்ட முதமுதல்ல சொன்னது யாருன்னுதான் நானும் இத்தன வருசமாத் தேடிக்கிட்டிருக்கேன். ஆளு சிக்கட்டும், அன்னைக்கு இருக்கு."

அண்ணாச்சி ரொம்ப அக்கறையாக, "தரகரு சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா தரகருக்கு யாரு சொன்னான்னு பாக்கணும்" என்றார்.

இதையெல்லாம் ஒரு வீம்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா விஷயம் தெரிகிற வரைக்கும்.

அவருக்கு அப்பா என்றால் உயிர். அப்பா சொல்லிக்கொடுத்த வாக்கியம் என்று ஒன்றை வைத்திருந்தார்: 'வலி வருவது உன் குற்றமில்லை, வைத்துக்கொண்டிருப்பது உன் குற்றம்.' யார் வீட்டில் துக்கம் என்றாலும் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா சொல்லுவாக…" என்று அதைச் சொல்வார். கேட்டவர்கள் அழுகையை நிறுத்தியிருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் பழைய பஞ்சாங்கம் ஒன்று அவர் கைக்கு வந்தது. பின்னட்டையில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். அதே வாக்கியம், எழுத்துப் பிசகாமல்.

இன்னொருத்தனாக இருந்தால் பஞ்சாங்கத்தை அடுப்பில் போட்டிருப்பான். நான் போட்டிருப்பேன். அண்ணாச்சி இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அதற்குப் பிறகு துக்க வீடுகளில் இப்படிச் சொல்ல ஆரம்பித்தார்: "தலைவலித் தைலக்காரன் ஒருத்தன் சொன்னான், எங்கப்பா வழியா எனக்கு வந்துச்சு." அப்படிச் சொன்னாலும் அழுகை நின்றது என்பதுதான் ஆச்சரியம். முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது. பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எனக்கு அவரிடம் பயம் வந்தது அன்றைக்குத்தான். சொந்த அப்பாவிடமிருந்தே ஒரு வாக்கியத்தைப் பிடுங்கித் தைலக்காரனிடம் கொடுத்த மனிதன், நம்மை விட்டுவைப்பானா?

என் பயம் வீண்போகவில்லை. என் பயம் எதுதான் வீண்போயிருக்கிறது?

நான் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், தூக்கத்தில் இரண்டும். தறியில் உட்காரச் சொன்ன அப்பாவோடு மல்லுக்கட்டி வாத்தியார் பயிற்சிக்குப் போனவன். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற தற்காலிக வேலை கிடைத்திருந்தது. பள்ளியை நடத்தியவர் பஞ்சு அரவை மில் வைத்திருந்த ஒரு முதலாளி. எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்தார். திறப்பு விழா அன்றைக்கு என் கையில் நிரந்தர ஆர்டர் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் வரக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஆண்டுவிழாவில் நான் அதைச் சொன்னபோது மேடையிலேயே எழுந்து கைதட்டியவர் அவர். அதைத்தான் புதுக் கட்டடத்து முன்சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதவும் வைத்தார்:

'ஆழம் தெரிந்திருந்தால் தோண்டியிருக்க மாட்டேன்; தெரியாததால் தண்ணீர் கண்டேன்.'

கீழே, தெருவில் நின்று எல்லோரையும் கேள்வி கேட்ட அந்தக் கிரேக்க ஞானியின் பெயர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மனிதரை எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு வம்புக்கு இழுத்தாயிற்று.

கட்டட இடத்துப் பத்திரம் எழுதியவர் அண்ணாச்சி. ஒரு வேலையாக முதலாளியைப் பார்க்க வந்தவர் சுவருக்கு முன்னால் நின்றார். குடையை மடக்கினார். குடை மடங்கிய சத்தத்திலேயே எனக்கு உள்ளுக்குள் என்னமோ மடங்கியது.

"முதலாளி, யாரு சொன்னது இது?"

"கீழதான் போட்டிருக்கே அண்ணாச்சி."

"அவரு சொன்னத யாரு கேட்டா?"

"எங்க சரித்திர வாத்தியாரு சொன்னாரு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க எப்பக் கிரேக்கத்துக்குப் போனீக?"

நான் சிரித்தேன். சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

"நான் அந்த மனுசரப் பத்தி லைப்ரரியில இருக்கிற புஸ்தகம் பூராப் படிச்சிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "பி.ஏ.யில எனக்குத் தத்துவம் ஒரு பாடம். அவரு டவுன்காரரு முதலாளி. காலம் பூராச் சந்தையில நின்னு பேசினவரு. மம்பட்டியத் தொட்டதா ஒரு வரி கெடையாது. 'ஆழம் தெரிஞ்சிருந்தா'ங்கிற பேச்சு, கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தவன் வாயிலதான் வரும். இது இந்த மண்ணுப் பேச்சு. கிரேக்கருக்கு இதுல இருக்கிறது வெறும் அனுபோகம். பட்டா வேற ஆளு பேர்ல இருக்கு."

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அழைப்பிதழிலும் அதே வாக்கியத்தை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருந்தார். அது பொய் என்று யாராவது சொன்னால், மில் பஞ்சில் தண்ணீர் தெளித்தாய் என்று சொன்னதுபோல அவருக்கு இருக்கும்.

"விழாவுக்குள்ள நீங்க வேற ஆளக் காட்டிட்டீகன்னா சுவத்த அழிச்சிருதேன். ஆனா ஒண்ணு. அழிச்சா இந்த வாத்தியாரு வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிட வேண்டியதுதேன். பொய்யச் சொல்லி என்னக் கைதட்ட வச்ச ஆளு எனக்கு எதுக்கு?"

எனக்குத் தறியின் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. அருப்புக்கோட்டை அங்கிருந்து எவ்வளவு தூரம்! இருந்தாலும் கேட்டது.

அண்ணாச்சி தேடக் கிளம்பினார். நானும் கூடவே கிளம்பினேன். ஆர்வம் என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில், கசாப்புக் கடைக்குப் போகிற வழியெல்லாம் கத்திக்காரனோடு பேச்சுக்கொடுத்துக்கொண்டே போகிற ஆடு நான். எங்கேயாவது மனம் மாறிவிட மாட்டாரா?

எனக்குச் சொன்னது யார் என்று கேட்டார். அருப்புக்கோட்டையில் ஒரு பழைய மேடைப் பேச்சாளர். தொண்டை கெட்டுப்போய் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒளிக்கவே இல்லை.

"எம்.ரெட்டியபட்டிக் கூட்டத்துக்குப் போனப்ப பஸ் ஸ்டாப்பு டீக்கடையில கேட்டதுய்யா. நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"கிரேக்கருக்கு ஏன் குடுத்தீக?"

"அட என்ன அண்ணாச்சி, வெவரம் தெரியாத ஆளா இருக்கீக! டீக்கடையில கேட்டேன்னு சொன்னா எவன் கை தட்டுவான்? நம்மூருக்காரன் சொன்னான்னா, 'அவன் என்னலே நமக்குச் சொல்றது'ம்பான். கிரேக்கன் சொன்னான்னா வாயப் பொளப்பான். அந்தாளு வந்து கேக்கவா போறாரு?"

"நான் வந்து கேக்கேன்ல" என்றார் அண்ணாச்சி.

எம்.ரெட்டியபட்டி டீக்கடைக்காரர் அதைவிடச் சுலபமாகக் கைகாட்டிவிட்டார். "அதுவா? பரளச்சிக்கு அங்கிட்டு எங்க மச்சினன் ஊருல ஒரு பொம்பள சொன்னதுல்ல! கெணத்துக்காரின்னு கேளுங்க, சின்னப்புள்ளகூடக் காட்டும்."

எனக்கு அன்றைக்கு அந்த ஊரையே பூமி விழுங்கிவிட்டால் நல்லது என்று இருந்தது. பஸ் இறங்கி வாடகைச் சைக்கிள் எடுத்தோம். மிதித்தது நான். பின்னால் கேரியரில், குடை பிடித்தபடி பி.ஏ. உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை. கரிசல் வெடித்துக் கிடந்தது. எதிர்க்காற்றில் குடை பாய்மரம்போல என்னைப் பின்னாலேயே இழுத்தது. இயற்கையே போகாதே என்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, விழா மட்டும் முடியட்டுமே. அதுக்கப்புறம் யாரு பேரை வேணாலும் எழுதிக்கிடுவோம்."

"ம்."

"எங்கப்பா தறியத் தொடச்சு வச்சிருக்காரு அண்ணாச்சி. எனக்காக."

கொஞ்ச தூரம் போனதும், "மேட்டுல நான் வேணா எறங்கிக்கிடட்டுமா?" என்றார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை.

கிணற்றடியில்தான் அந்த அம்மாள் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. பருத்திச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார், காலெல்லாம் சேறு. அந்தப் பக்கம் பூராவும் காய்ந்து கிடக்க, அந்தத் துண்டு நிலம் மட்டும் பச்சையாக இருந்தது. தூரத்தில் ஒரு வாலிபன் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி போனதும் போகாததுமாக, பழக்க தோஷத்தில், "தாயி, நான் திருச்சுழிப் பத்திரக்காரன். ஒரு மூலம் பாக்கணும்னு வந்தேன்" என்றார்.

அந்த அம்மாள் மம்பட்டியை நிமிர்த்திப் பிடித்தார். "எங்க வீட்டுக்காரரோட அண்ணன் அனுப்புனாகளா? பத்திரமெல்லாம் ஏங்கிட்டத்தேன் இருக்கு. தர முடியாது. போயிச் சொல்லுங்க."

"இல்ல தாயி, நெலத்துக்கு இல்ல—"

"நெலத்துக்கு இல்லாம பத்திரக்காரருக்கு இங்க என்ன சோலி? வேட்டியப் பாத்தாலே தெரியுது."

மம்பட்டியின் வாய் வெயிலில் மின்னியது. சரித்திரத்தில் பல படைகள் பின்வாங்கியதைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். முறையாக நாலடி பின்வாங்கினேன். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்று, "ஒரு பேச்சுக்குத்தான் தாயி மூலம் தேடி வந்தேன்" என்று சொல்லி, சுவரில் இருந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொன்னார்.

மம்பட்டி இறங்கியது.

"அத எதுக்கு இப்பக் கேக்கீக?"

"நீங்க சொன்னதா, தாயி?"

"நாந்தேன் சொன்னேன். இந்தக் கெணத்து மேட்டுல நின்னு சொன்னேன். இவுக அப்பா" என்று தூரத்து வாலிபனைக் காட்டினார், "உள்ள நின்னு வெட்டிக்கிட்டிருந்தாக. மொத நாளு தூறல் போட்டிருந்துச்சு. மேமண்ணு அப்பிடியே சரிஞ்சு எறங்கிருச்சு. ஊரே கூடி மண்ண அள்ளுது, ஆளு வரல. இம்புட்டு ஆழம்னு தெரிஞ்சிருந்தாத் தோண்ட விட்டிருப்பனான்னு கத்துனேன். அத அங்க நின்ன அம்புட்டுப் பேரும் கேட்டாக."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மூலம் பிடிக்கிற புத்தி அவரை விடவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பாத்தீகளா வாத்தியாரே. ஒப்பாரி இது. தண்ணி கண்டேங்கிறதெல்லாம் பின்னால எவனோ சேத்தது. போலி ஷரத்து."

"எது சேத்தது?" என்றார் அந்த அம்மாள்.

"அது ஒண்ணும் இல்ல தாயி. தெரியாததுனாலதான் தண்ணியக் கண்டோம்னு ஒரு வால ஒட்டி விட்டிருக்கான் எவனோ."

"அதுவும் நாந்தேன் சொன்னேன்."

அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே நின்றது. அவரிடம் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்காத காட்சி.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கு எப்பிடிய்யா சொல்லுவேன்? அன்னைக்கு இவன் இடுப்புல இருக்கான்." அவர் கிணற்றைப் பார்த்தே பேசினார். "கெணத்த முள்ளப் போட்டு அடச்சு வச்சேன். அந்தப் பக்கம் போனாக் காலு இருக்காதுன்னு சொல்லித்தேன் வளத்தேன். மீச மொளச்சுச்சு. ஒருநா நான் களையெடுக்கப் போன நேரம் முள்ளப் பிரிச்சு எறங்கிட்டான். ஆழம் எம்புட்டுன்னு அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லவே இல்லையே. ஓடியாந்து மேட்டுல நின்னு கத்துதேன், மேல வாலேன்னு. சத்தமே இல்ல. செத்தேன்னு நெனச்சேன். அப்பறம் கீழயிருந்து, ஆத்தா, காலு ஈரமா இருக்குங்கான். அவுக அப்பா விட்ட எடத்துக்குக் கீழ ஒரு மொழந்தேன்யா. ஒரு மொழம். அவன் தெரியாம எறங்குனதுனாலதேன் தண்ணியக் கண்டோம்னு அப்பச் சொன்னேன்."

ஊர் ஊராக, மேடை மேடையாக ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டு வாங்கிய வாக்கியம் அது. நானும் ஒரே மூச்சில்தான் சொன்னேன். நடுவில் ஒரு சின்ன அரைப்புள்ளி. மூச்சு வாங்கக்கூட இடம் இல்லாத அரைப்புள்ளி. அதற்குள்ளே இடுப்புக் குழந்தை ஒன்று மீசை முளைக்கிற வரை வளர்ந்திருக்கிறது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, கிணற்று மேட்டில், கஞ்சி போட்ட வேட்டியோடு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் சொன்னேன், இதை ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருக்கிறார்கள் என்று. ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். "எழுதுனா எழுதிக்கிடட்டும். ரெண்டையும் ஒண்ணா ஒட்டி எழுதாதீக. நடுவுல எடம் விடுங்க" என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி குடையை விரிக்கவே இல்லை. நான் கெஞ்சவில்லை. கெஞ்ச நினைத்தபோதெல்லாம் அந்த ஒரு முழம் குறுக்கே வந்து நின்றது.

முதலாளி சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விழா. பெயிண்டர் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, மூலம் கெடச்சுச்சா?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் அப்போது தறி, தார் நூல், அப்பா எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்து "கெ…" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

'கெடச்சிருச்சு' என்றாலும் 'கெடைக்கல' என்றாலும் முதலெழுத்து ஒன்றுதான். ஆனால் உள்ளதைச் சொல்லும்போது தடுமாறுகிற ஆள் இல்லை அவர். அப்பாவையே தைலக்காரனிடம் ஒப்படைத்த மனிதன், எனக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. தைரியமெல்லாம் இல்லை, பயத்தில் ஒன்றுக்கு வருவதைப்போலத் தானாக வந்துவிட்டது:

"கெடச்சிருச்சு முதலாளி! கிரேக்கர் இல்ல! பரளச்சிப் பக்கத்துப் பொம்பள!"

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "அன்னைக்கு 'கெ'ன்னு ஆரம்பிச்சீகளே, என்ன சொல்ல வந்தீக அண்ணாச்சி?" அவர் மைக்கூட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "சொல்லாத பேச்சுக்கு மூலம் கெடையாது வாத்தியாரே."

முதலாளி எழுந்துவிட்டார். "பத்திரிகையில அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சேப்பா! நாளைக்குப் பெரிய அதிகாரி வாராரு. எவளோ ஒரு பொம்பள பேச்சையா நான்—"

"முதலாளி, உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. பிறகு பத்திரம் வாசித்துக்காட்டுகிற குரலில், கூட்டாமல் குறைக்காமல், மண் சரிந்ததிலிருந்து கால் ஈரமானது வரைக்கும் சொன்னார். நடுவே பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து கேட்டுக்கொண்டிருந்தான். தூரிகையிலிருந்து சொட்டிய பெயிண்ட் அவன் காலில் விழுந்தது, அவன் பார்க்கவில்லை.

முதலாளி சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கிணறு இல்லாத குடும்பம் இருக்கலாம். கிணற்றில் ஆள் போகாத குடும்பம் குறைவு.

"எங்க தோட்டத்துக் கெணத்துல எங்க சித்தப்பாரு" என்றார். அவ்வளவுதான். பிறகு பெயிண்டரிடம், "அழிலே" என்றார்.

என் வேலையும் அதோடு அழிகிறது என்று நான் கைப்பையை எடுத்தேன்.

"மொதப் பாதிய அந்தக் கோடியில எழுது. ரெண்டாம் பாதிய இந்தக் கோடியில. நடுவுல ஒண்ணும் எழுதக் கூடாது. என்ன வாத்தியாரே, எங்க கெளம்பிட்டீக? மைக் செட்டுக்குச் சொல்லணும்ல? ஆர்டர் நாளைக்குத்தானே தாரேன்னேன்?" பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். "கீழ போடணும். அந்தம்மா பேரு என்ன?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கேட்கவில்லை. எதிரே நிற்கிறவன் பெயர், அவன் தகப்பன் பெயர், நான்கு எல்லை எல்லாம் கேட்காமல் வாழ்க்கையில் ஒரு வரி எழுதாத மனிதர், இத்தனை தூரம் துரத்திப் பிடித்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரி பெயரைக் கேட்காமலே திரும்பி வந்திருக்கிறார். கிணற்றைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குப் பெயர் என்று ஒன்று உண்டென்பதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த பயம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது. அதற்குப் பதிலாக வந்தது இன்னும் போகவில்லை. அதற்குச் சரியான வார்த்தையும் இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லை.

"கடைசி பஸ்ஸு இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சேறு காய்ந்த வேட்டியோடேயே போனார்.

மறுநாள் காலை, வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தார். ஜவ்வாது வாசம் இல்லை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேரே பெயிண்டரிடம் போய்க் காதில் பெயரைச் சொன்னார். அவன் எழுதி முடிக்கவும் அதிகாரியின் கார் வரவும் சரியாக இருந்தது.

மாலை போட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அதிகாரி சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். இடது ஓரத்தில் பாதி வாக்கியம், வலது ஓரத்தில் பாதி வாக்கியம், நடுவே நீளத்துக்கு வெறும் வெள்ளைச் சுவர்.

"என்ன, நடுவுல பெயிண்ட் தீந்துபோச்சா?" என்று சிரித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

"இல்லீங்கய்யா. அது ஒரு புள்ள வளந்த எடம்."